மெஹ்ரோலியில் நீர்வழியே ஒரு சுற்று

தில்லியில் வாழும் நம்மவருள் குதுப் மினாரைக் காணாதவர் அரியர். ஊரிலிருந்து விருந்தினர் வரும்போதெல்லாம் அவர்களை அங்கே அழைத்துச் சென்று, அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அக்கோபுரத்தின் காலடியிலேயே கிடக்கும் பழைய நீர்நிலைகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்களும் கண்டிலோம். சென்ற ஐப்பசியில், ரயில்வே அலுவலகம் விடுமுறையாயிருந்த ஒரு ஞாயிறன்று, அந்தக் குறை தீர்ந்தது.

இராமநாதபுரச் சீமையிலிருந்து எங்கள் அன்னையார் வந்திருந்தார். பூர்வீக வீட்டுக் கிணறு வற்றிப் பல்லாண்டுகள் ஆயின. அதைத் தூர்த்து மனையை விற்பதற்காகத் தமையனார் எழுதிக் கொடுத்திருந்த சம்மதப் பத்திரத்தில் எங்கள் கையொப்பம் வேண்டியிருந்தது. வரும் பங்கினால் கடன் ஒன்றைத் தீர்க்கலாம் என்று நாங்களும் இசைந்திருந்தோம்.

காலை ஏழு மணிக்கு மெஹ்ரோலித் தொல்லியல் பூங்காவினுள் நுழைந்தோம். ஆரவல்லிக் குன்றின் கடைக்கோடி அது. பாறையும் புழுதியும் முள்மரமுமாகக் கிடந்தது. "இங்கேயும் சீமைக் கருவேலமா!" என்று அன்னையார் வியந்தார். நம்மூரில் மழை பெய்யும் மாதத்தில் இங்கே வானம் வெளுத்துக் கிடப்பதும் அவருக்குப் புதுமையாயிருந்தது.

முதலில் கண்டது ராஜோன் கி பாவ்லி என்னும் படிக்கிணறு. சிக்கந்தர் லோடியின் ஆட்சியில், 1506-ஆம் ஆண்டில், தௌலத் கான் கட்டுவித்தது. 'ராஜ்' என்றால் கொத்தனார். பிற்காலத்தில் அவர்கள் இங்கே குடியிருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். நான்கு அடுக்குகளாகப் படிகள் இறங்குகின்றன. சிறிது தொலைவில் கந்தக் கி பாவ்லி. இல்துத்மிஷ் காலத்ததாகிய இது இன்னும் பழையது. நீரில் கந்தக மணம் வீசியதால் அப்பெயர் பெற்றது. "ஊற்றுத் தாழத் தாழ, இறங்கிப்போய் மொண்டிருக்கிறார்கள்" என்றார் அன்னையார்.

கடைவீதி வழியே தெற்கே நடந்து ஹௌஸ்-இ-ஷம்ஸி ஏரியை அடைந்தோம். 1230-ஆம் ஆண்டளவில் இல்துத்மிஷ் வெட்டுவித்தது. நபிகள் நாயகம் சுல்தானின் கனவில் தோன்றி இடம் காட்டினார் என்பது வழிவழிக் கதை. மழைநீரே இந்த ஏரியை நிறைத்தது என்று 14-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இபின் பதூதா எழுதியிருக்கிறார்.

அருகிலேயே தாழ்வான தோட்டமொன்றில் ஜர்னா உள்ளது. 1700-ஆம் ஆண்டளவில் நவாப் காசியுத்தீன் பிரோஸ் ஜங் அமைத்த நீர்வீழ்ச்சி இது. முகலாய மன்னர்கள் பின்னர் மண்டபங்கள் சேர்த்தனர். நாங்கள் கண்டபோது சொட்டு நீரில்லை. இது அரசர்களின் அலங்காரம் என்று மகனுக்கு விளக்கத் தொடங்கினோம். அன்னையார் இடைமறித்தார்.

"அலங்காரம் இல்லை, தம்பி. மேலே ஏரி, கீழே இது. நம் கண்மாய்க்குக் கலுங்கு மாதிரி. நிறைந்தால் மறுகால் பாயும்."

உண்மை அதுவே. ஏரி நிரம்பி மிகுந்த நீரே இங்கு அருவியாக விழுந்தது. "அப்படியானால் ஏன் வற்றிப்போயிற்று, அப்பத்தா?" என்றான் மகன். "கலுங்கைக் கேட்டு என்ன பயன்? வரத்துக்கால் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்" என்றார் அவர். சுற்றிலும் நெருங்கி எழுந்த வீடுகளை நாங்கள் பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை.

பக்தியார் காக்கி தர்கா, ஆதம் கான் சமாதி, யோகமாயா கோயில் ஆகியவற்றைக் கண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. 1812-இல் தொடங்கிய பூக்காரர் திருவிழாவில் தர்காவுக்கும் கோயிலுக்கும் சேர்த்தே மலர் சாத்துவது வழக்கம்.

வீடு திரும்பியதும் அன்னையார் மேசைமேல் கிடந்த பத்திரத்தை எடுத்துத் தம் பெட்டியில் வைத்தார். "அண்ணனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இந்த மழை முடியட்டும். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்." கடன் அப்படியே இருக்கிறது. ஆயினும் எங்களுக்கு வருத்தமில்லை.

அன்பர்களும் குடும்பத்துடன் ஒருமுறை இச்சுற்றை நடந்து வருக. வெயில் ஏறுமுன் புறப்படுக. குடிநீரைக் கையோடு கொண்டு செல்க. வீட்டில் முதியோர் இருந்தால் அவர்களையும் தவறாமல் அழைத்துச் செல்க.