பாதி கட்டிய வீட்டில் குடித்தனம்

பூச்சு வேலை முடியாத வீட்டுக்கு யாரும் கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சடிப்பதில்லை. கூரை எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் விரிசல் என்று பார்த்துச் சொல்லும்படி விருந்தாளிகளைக் கேட்பதும் இல்லை. ஆனால் லினக்ஸ் வளர்ந்தது அப்படித்தான். கம்ப்யூட்டரை எழுப்பி, மற்ற சாஃப்ட்வேர்களையெல்லாம் கட்டி மேய்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் அது. ஒவ்வொரு பதிப்பும் வேலை முடிவதற்கு முன்பே ஊருக்குத் திறந்துவிடப்பட்டது. குடிவந்தவர்கள் ஒழுகும் இடங்களைக் கண்டுபிடித்தார்கள். சிலர் அவர்களே கூரையேறி ஓடு மாற்றினார்கள்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக 1991 ஆகஸ்ட் 25 அன்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. செப்டம்பரில் அவர் வெளியே வைத்த முதல் பதிப்பின் எண் 0.01. சுமார் 10 ஆயிரம் வரிகள். அதைத் தயார் செய்து ஓட்டவே மினிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் தேவைப்பட்டது. கீபோர்டு அமைப்பும் ஃபின்லாந்துக்காரர்களுக்கானது. எழுதியவரின் மேஜையில் என்ன இருந்ததோ அது மட்டுமே அந்தப் பதிப்புக்குத் தெரியும். மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் மேஜைக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டார்கள், குறைகளை எழுதினார்கள், திருத்தங்களை அனுப்பினார்கள். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது வரிகளின் எண்ணிக்கை 1.76 லட்சத்தைத் தொட்டிருந்தது.

பிறகு வந்த ஆண்டுகளில் எண்ணிலேயே எச்சரிக்கை இருந்தது. நடு எண் ஒற்றைப்படை என்றால் (2.3, 2.5) சோதனைப் பதிப்பு. இரட்டைப்படை என்றால் (2.2, 2.4) நம்பி வேலை பார்க்கலாம். 2001 ஜனவரியில் 2.4 வெளிவருவதற்கு முன்பு 'டெஸ்ட்' என்ற அடைமொழியோடு மட்டும் ஒரு டஜன் முன்பதிப்புகள் வந்தன. பெரிய கம்பெனிகள் தங்கள் சாஃப்ட்வேரின் குறைகளைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பகிரங்கம் பலருக்கு விசித்திரமாகத் தெரிந்தது.

அந்தக் கதவுகளில் பல பெங்களூரில்தான் இருந்தன. சாஃப்ட்வேரைச் சோதிப்பது இந்த நகரத்தில் ஒரு வியாதியோ விளையாட்டோ அல்ல, ஜீவனம். அமெரிக்க வங்கிக்கும் ஐரோப்பிய டெலிபோன் கம்பெனிக்கும் எழுதப்பட்டதை வரி வரியாகத் தட்டிப் பார்த்துப் பிழை குறித்துச் சம்பளம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்தப் போகிறவரை அவர்கள் பார்த்ததில்லை. பயன்படுத்துபவருக்கும் இவர்கள் பெயர் தெரியாது. வேலை முடிந்ததும் கோடு கம்பெனிக்குச் சொந்தம், களைப்பு மட்டும் இவர்களுக்கு.

இதே நகரத்தில் இரவு நேரங்களில் வேறு விதமான சோதனையும் நடந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 முதல்தான். 28.8 கிலோபிட் மோடத்தில் 650 எம்.பி. குறுந்தகடு ஒன்றின் சரக்கை இறக்க, கணக்குப்படி, நடுவில் ஒருமுறைகூட லைன் அறுந்துபோகாமல் 50 மணி நேரம் ஆகும். அந்தக் கஷ்டத்தைப் போக்கியது 'பிசி குவெஸ்ட்' மாத இதழ். 1990களின் பிற்பாதியில் லினக்ஸ் குறுந்தகடுகளை இதழோடு சேர்த்தே விற்றது. அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்த அதுல் சிட்னிஸ் பெங்களூர்வாசி. 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு தொடங்கவும் அவர் முக்கிய காரணம். அது பின்னர் 'ஃபாஸ் டாட் இன்' என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. 2013இல் சிட்னிஸ் காலமானார்.

சம்பளம் தராமல் வேலை வாங்கும் தந்திரம்தானே இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் லைசென்ஸில் இருக்கிறது. 1992 முதல் லினக்ஸுக்குப் பொருந்தும் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின்படி, யார் வேண்டுமானாலும் கோடைப் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது கோடையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். அதாவது, ஓடு மாற்றியவருக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு.

பங்கு இருந்தால் மட்டும் போதாது, பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். இந்திய மொழிகள் விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் நினைவில் 'க' முதலில், உயிர்க்குறி பிறகு. திரையில் வரும்போது கொம்பு 'க'வுக்கு முன்னால் குதிக்க வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். கன்னடத்தில் ஒத்தட்சரம் எழுத்தின் காலடியில் போய் உட்கார வேண்டும். கொம்பு இடம் மாறி நின்றால் ஹெல்சிங்கிக்காரருக்கு அது அலங்காரமாகத் தெரியலாம். தமிழ் படித்தவருக்குத்தான் கண் உறுத்தும். எவ்வளவு கெட்டிக்கார புரோகிராமராக இருந்தாலும், தெரியாத மொழியில் பிழை பிடிக்க முடியாது. 

லினக்ஸின் இந்த வழியைக் கையில் பிடிக்கும் பொருளுக்கும் கொண்டுவந்தால் என்ன என்று பெங்களூர் கேட்டது. 1998 அக்டோபரில் நகரில் நடந்த கருத்தரங்கு ஒன்று, வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. சாதாரண மக்களுக்கு ஒரு மலிவுக் கம்ப்யூட்டர் என்ற யோசனை அதிலிருந்து முளைத்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே குழுவினரும் சேர்ந்து ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். 2001 ஏப்ரல் 25 அன்று அவர்கள் முன்மாதிரி வெளியே வந்தது. பெயர் 'சிம்ப்யூட்டர்'.

உள்ளங்கை அகலம், கறுப்பு வெள்ளைத் திரை, 32 எம்.பி. நினைவகம், மூன்று சிறிய பேட்டரிகள். உள்ளே லினக்ஸ். கீபோர்டு கிடையாது, திரையைத் தொட்டால் போதும். உத்தேச விலை சுமார் 9 ஆயிரம் ரூபாய். அதைக்கூட ஒரு குடும்பம் தாங்காது என்பதைப் பேராசிரியர்கள் அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் ஸ்மார்ட் கார்டு. ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையைச் செருகினால் கருவி அந்த நேரத்துக்கு அவருடையது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது வாய்விட்டுப் படித்துக் காட்டும். அந்தக் குரலுக்கான சாஃப்ட்வேரின் பெயர் 'த்வனி'.

கருவியின் வரைபடத்துக்கும் ஜி.பி.எல். பாணியில் ஒரு உரிமம் எழுதினார்கள். எந்தக் கம்பெனியும் கட்டணம் செலுத்தி வரைபடத்தை வாங்கித் தயாரிக்கலாம். செய்யும் மேம்பாடுகளைக் குறித்த காலத்துக்குப் பின் டிரஸ்ட்டிடம் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின. 2001ஆம் ஆண்டின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை இதைக் குறிப்பிட்டது.

சிக்கல் வேறொரு பக்கமிருந்து வந்தது. லினக்ஸ் 0.01 ஒரு நகல் எடுத்தாலும் லட்சம் நகல் எடுத்தாலும் அடக்கவிலை ஏறக்குறைய பூஜ்யம். அரைகுறைப் பதிப்பை ஆயிரம் பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். சிம்ப்யூட்டரின் அரைகுறைப் பதிப்புக்கோ ஒவ்வொன்றுக்கும் சிப், திரை, பேட்டரி வேண்டும். நிறைய செய்தால்தான் விலை இறங்கும், விலை இறங்கினால்தான் நிறைய பேர் வாங்குவார்கள். முதல் ஆயிரங்களை யார் வாங்குவது? கோடு கண்ணுக்குத் தெரியாமல் பரவும், பிளாஸ்டிக் அப்படிப் பரவாது. திறந்த உரிமம் அறிவைப் பங்கு போட்டது. முதலீட்டை அதனால் பங்கு போட முடியவில்லை.

முன்மாதிரிக்கும் கடைக்கும் இடையே மூன்று ஆண்டுகள் ஓடின. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபெட்டா நிறுவனத்தின் 'அமிடா சிம்ப்யூட்டர்' 2004 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. தயாரித்தது பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ். விலை சுமார் 10 ஆயிரம் ரூபாயில் தொடங்கி, வண்ணத்திரை வேண்டுமென்றால் 20 ஆயிரத்தை எட்டியது. கருவியைக் கையில் சற்றே சாய்த்தால் பக்கம் புரளும் வசதி அதில் இருந்தது. உலகம் அந்த வித்தையை ஐபோனில் பார்த்து வியந்தது 2007க்குப் பிறகு.

ஆனால் கிராமத்துக்காரர் அதற்குள் வேறு கடைக்குப் போய்விட்டார். 2003 மே மாதம் முதல் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாகின. அதே ஆண்டு ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் செல்போன் கொடுத்தது. அது படித்துக் காட்டாது, பக்கம் புரட்டாது. துபாயில் இருக்கும் மகனின் குரலைக் கேட்க வைக்கும், அது போதும். 2005 தொடக்கத்தில் வந்த செய்திகளின்படி, 50 ஆயிரம் என்ற இலக்குக்கு எதிரே விற்ற சிம்ப்யூட்டர்கள் சுமார் 4 ஆயிரம்.

இதைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் எழுதி மூடிவிடுவது சுலபம். 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். தொடுதிரை, இந்திய மொழிகள், படித்துக் காட்டும் குரல் என்று பெங்களூர் 2001இல் பட்டியலிட்ட எல்லாமே இன்று மாண்டியா கரும்பு விவசாயியின் சட்டைப்பையில் இருக்கின்றன. அப்படியானால் சிம்ப்யூட்டரை ஒரு சோதனைப் பதிப்பு என்றும், இறுதிப் பதிப்பு வேறு பெயரில் வேறு ஊரிலிருந்து வந்தது என்றும் ஆறுதல் கொள்ளலாமா?

முழுதாக முடியாது. ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் போனின் அடித்தளம் லினக்ஸ்தான் என்றாலும், அது பேசும் தமிழிலோ கன்னடத்திலோ பிழை இருந்தால் விவசாயி செய்யக்கூடியது அதிகம் இல்லை. நட்சத்திரம் குறைத்துப் போடலாம், புகார் எழுதலாம், காத்திருக்கலாம். கூரையேற ஏணி கிடையாது. பழைய லினக்ஸ் பதிப்புகள் பயன்படுத்துபவரைப் பாதி மேஸ்திரியாக நடத்தின. இன்றைய போன் அவரை வாடகைக்காரராக நடத்துகிறது. வீடு பளபளப்பாக இருக்கிறது என்பது உண்மை. ஆணி அடிக்க அனுமதி இல்லை என்பதும் உண்மை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு த்வனியே சாட்சி. ஒரு மொழியை வாய்விட்டுப் படிக்க எழுத்து எழுத்தாக ஒலி வைத்தால் போதும் என்று தோன்றும். கன்னடத்துக்கு அது பெரும்பாலும் சரி. வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் இருப்பது ஒரே ககரம், ஆனால் ஒலி மூன்று விதம். எங்கே எது என்று தமிழ்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். இயந்திரத்துக்கு யாராவது விதி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியது சரியா என்று தமிழ் கேட்டு வளர்ந்த காது ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கம்பெனி இதைச் செய்வது, அந்த மொழியில் லாபம் இருக்கும் வரைதான்.

சிம்ப்யூட்டர் கடைகளிலிருந்து மறைந்தது. கறுப்பு வெள்ளைத் திரையும் ஸ்மார்ட் கார்டும் காட்சிப் பொருளாகிவிட்டன. ஆனால் த்வனியின் கோடு திறந்தே இருந்ததால் அது கருவியோடு உடன்கட்டை ஏறவில்லை. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் என்ற சாஃப்ட்வேர் எஞ்சினீயர் அதைக் கையில் எடுத்தார். மலையாளம், தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு அது விரிந்தது. சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடியது. அதற்காக அவர் இந்திய அறிவியல் கழகத்தின் படியேறி அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அனுமதி முதல் நாளிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது.