இந்த வைகாசி விசாகத்துக்கு நான் அன்னதானக் கொட்டகையில் இருக்க மாட்டேன்



ரெண்டு வாரமா கோயிலுக்கு வர்றவங்க பாதி பேர் என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கறீங்க. "திருவிழா நேரத்துல எங்கேயோ வெளிநாடு போறீங்களாமே, உண்மையா?" ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல. அதனால இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

உண்மைதான். நானும் என் வீட்டுக்காரியும் இத்தாலிக்குப் போறோம். ரோம் இல்ல, வெனிஸ் இல்ல. தெற்குல கடலோரமா இருக்கிற நேப்பிள்ஸ். அந்த ஊர்க்காரங்க நாப்போலின்னு சொல்றாங்க. டிக்கெட் போட்டாச்சு. திரும்பி வரும்போது விசாகம் முடிஞ்சு மூணு நாள் ஆகியிருக்கும்.

ஏன்னு சொல்லணும்னா போன வருஷ விசாகத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

எங்க கல்யாணம் வைகாசி முகூர்த்தத்துல நடந்தது. அதனால கல்யாண நாள் எப்பவும் திருவிழாவை ஒட்டித்தான் வரும். சில வருஷம் அதே நாள், சில வருஷம் ஒரு வாரம் முன்ன பின்ன. நான் அன்னதானப் பொறுப்பு எடுத்து 24 வருஷம் ஆச்சு. ஃபேக்டரியில் எனக்கு இருக்கிற லீவுல பாதி தைப்பூசத்துக்கும் விசாகத்துக்கும்தான் போகும். மிச்சம் யாருக்காவது உடம்பு சரியில்லாம போனா எடுக்கிறது. இதையெல்லாம் நான் பெருமையா நெனச்சுக்கிட்டு இருந்தேன், அதை மறைக்கல.

போன வருஷம் கொட்டகையில் என் மனைவி பூசணிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல புதுசா கல்யாணம் ஆன பொண்ணு ஒண்ணு. "ஆண்ட்டி, உங்களுக்கு கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"னு கேட்டுச்சு. "29 வருஷம்மா. இன்னிக்குத்தான்"னு இவங்க சொன்னாங்க. நான் நாலடி தள்ளி சாம்பார் அண்டாவுல கரண்டியோட நிக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்ல. அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு பாருங்க, அந்தப் பார்வை இன்னும் என் முதுகுல இருக்கு.

ராத்திரி வண்டியில் வரும்போது மன்னிப்பு கேட்டேன். அவங்க கோபப்படல. "நான் சாமிக்குப் போட்டியா வரலைங்க. ஒரே ஒரு வருஷம் நாம ரெண்டு பேரும் மட்டும் எங்கேயாவது போவோம். அவ்வளவுதான்"னு சொன்னாங்க. பினாங்கு பெர்ரியில் போயிட்டு வர்றதுதான் எங்களுக்குக் கிடைச்ச தேனிலவு. பட்டர்வொர்த்துல ஏறி ஜார்ஜ்டவுன்ல இறங்கி, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, அடுத்த பெர்ரியில் திரும்பி வந்தோம். மறுநாள் எனக்கு நைட் ஷிப்ட்.

சரி, ஏன் நேப்பிள்ஸ்? அதுக்குக் காரணம் நம்ம கோயில் மகளிர் வாட்ஸ்அப் குரூப்தான். "2,000 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பா முழுக்க மகாலட்சுமியைக் கும்பிட்டாங்க, ஆதாரம் இத்தாலியில் இருக்கு"ன்னு ஒரு செய்தி சுத்திச்சே, ஞாபகம் இருக்கா? என் மனைவி அதை எனக்கு அனுப்பி, "நிஜமா?"ன்னு கேட்டாங்க. நான் ஃபேக்டரியில் தரக் கட்டுப்பாட்டுல இருந்தவன், எதையும் செக் பண்ணாம பாஸ் போட மாட்டேன். மகளை உட்கார வெச்சுத் தேடினேன்.

பாதி நிஜம். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடிச்சுப் புதைஞ்சு போன ஊர் பொம்பேய். அங்க 1938-ல் தோண்டும்போது ஒரு சின்ன தந்தச் சிலை கிடைச்சது. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். நகையெல்லாம் போட்ட ஒரு பெண், ரெண்டு பக்கமும் ரெண்டு சேடிப் பெண்கள். இந்தியாவில் செஞ்சதுதான், அதுல சந்தேகம் இல்ல. "பொம்பேய் லட்சுமி"ன்னு பேர் வந்துடுச்சு. ஆனா அது லட்சுமி இல்ல, யட்சியா இருக்கலாம்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க. தலையிலிருந்து கீழ வரைக்கும் துளை இருக்கிறதால, கண்ணாடிக்குக் கைப்பிடியாவோ மேசைக்கு அலங்காரக் காலாவோ இருந்திருக்கலாமாம். கும்பிட்டாங்கன்னு சொல்ல ஆதாரம் இல்ல. அதனால அந்த மெசேஜை இனிமே அனுப்பாதீங்க. ஆனா இங்கிருந்து போன கைவேலை அங்க ஒரு வீட்டுல இருந்தது, அது போதும் எனக்கு.

எப்படிப் போச்சுன்னு படிச்சப்பதான் எனக்கே ஆர்வம் வந்துச்சு. நேப்பிள்ஸ் பக்கத்துல பொட்சுவோலின்னு ஒரு ஊர். ரோமானியர் காலத்துல கிழக்கு நாட்டுச் சரக்கெல்லாம் வந்து இறங்கின பெரிய துறைமுகம் அதுதான். அன்றைய சேர நாட்டு முசிறியில் ஏத்தின மிளகு, செங்கடல் வழியா எகிப்து போய், நைல் நதியில் அலெக்சாண்டிரியா போய், அங்கிருந்து கப்பல்ல இந்தப் பக்கம் வரும். இந்தியாவுக்கு வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசு போயிடுதுன்னு பிளினி என்கிற ரோமானியர் எழுதி வெச்சிருக்கார். அந்தப் பிளினி இதே வளைகுடாவில் கப்பற்படைத் தளபதியா இருந்து, எரிமலை வெடிச்சப்போ கப்பலெடுத்துப் போய், அங்கேயே இறந்து போனவர். நம்ம மிளகுக் கணக்கு எழுதின மனுஷன்!

இதையெல்லாம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். மகள் போன்ல படம் காட்டினா. நீலக் கடல், அந்தப் பக்கம் மலை, நடுவுல பெர்ரி போகுது. என் மனைவி படத்தைப் பெருசாக்கிப் பார்த்துட்டு, "பினாங்கு மாதிரியே இருக்குங்க"ன்னு சொன்னாங்க. அன்னைக்கே முடிவாயிடுச்சு.

பணம்? அதையும் கேட்டுட்டீங்க. நான் இ.பி.எஃப்.ல கொஞ்சம் எடுக்கலாம்னு இருந்தேன். வேண்டாம்னுட்டு, அவங்க தாடிக்கா வேலைச் சம்பளத்துல கட்டின கூட்டுப் பணத்தை எடுத்து மேசையில் வெச்சாங்க. எனக்குத் தெரியாம நாலு வருஷம் கட்டியிருக்காங்க. நான் ஒண்ணும் பேசல.

ஒரு ஏஜெண்டுகிட்ட கேட்டேன். "ரொமான்டிக் கப்பிள் பேக்கேஜ்"னு ஒரு தாளை நீட்டினார். ரோஜா இதழ் போட்ட கட்டில், ஒயின், படகுல மாலை விருந்து. எனக்குக் காது சூடாயிடுச்சு, வாங்கி மடிச்சு வெச்சுட்டு வந்துட்டேன். மகளும் நானும் சேர்ந்து நாங்களே திட்டம் போட்டோம். போகணும்னு நினைக்கிற வயசானவங்க நம்ம கோயில்ல இன்னும் இருக்காங்கன்னு தெரியும், அதான் விவரமா எழுதறேன்.

மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 90 நாள் வரைக்கும் இருக்கலாம். இங்கிருந்து நேப்பிள்ஸுக்கு நேர் விமானம் கிடையாது. நாங்க ரோம்ல இறங்கி, அங்கிருந்து வேக ரயில். ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்துல நேப்பிள்ஸ் நடு ஸ்டேஷன். ஸ்டேஷன் பக்கத்துல ரூம் மலிவா கிடைக்கும், ஆனா ராத்திரி சத்தமும் கூட்டமும்னு எல்லாரும் சொல்றாங்க. அதனால கடற்கரைப் பக்கம் கியாயா பகுதியில் எடுத்தோம். ரூம் பார்க்கும்போது முதல்ல "லிஃப்ட் இருக்கா?"ன்னு கேளுங்க. பழைய கட்டடங்கள், அஞ்சு மாடி, படிக்கட்டு மட்டும்தான்னு பல இடத்துல. என் மனைவிக்கு முட்டி வலி. ரோஜா இதழ் இல்லாட்டி பரவாயில்ல, லிஃப்ட் வேணும்.

மேல வோமேரோ மேட்டுக்குப் போக, நம்ம பினாங்கு ஹில் மாதிரி கயிறு இழுக்கிற ரயில் இருக்கு. ஒண்ணு இல்ல, மூணு பாதை. மேலே கோட்டையிலிருந்து முழு வளைகுடாவும் தெரியும். அந்த மாசத்துல சூரியன் மறைய எட்டரை மணி ஆகும். வெசூவியஸ் உச்சி ஏற மாட்டோம், தூரத்துல இருந்து பார்த்தா போதும். அமால்ஃபி பக்கம் பஸ்ல போனா ஒரே வளைவு, கேமரன் மலைக்கே வாந்தி எடுக்கிற ஆள் இவங்க. அதனால கடல் வழிதான். சொரெண்டோவுக்கும் காப்ரி தீவுக்கும் பெர்ரி இருக்கு. காப்ரிக்கு வேகப் படகுல ஏறக்குறைய 50 நிமிஷம். கல்யாண நாள் அன்னைக்கு அதுல போறோம். வேற ஒண்ணும் ஏற்பாடு இல்ல.

சாப்பாடுதான் பெரிய தலைவலி. நாங்க திருவிழா விரதத்துல இருப்போம், எங்க இருந்தாலும் விரதம் விரதம்தான். பீட்சா பிறந்த ஊர்ங்கிறதால தப்பிச்சோம். மரினாரா பீட்சான்னு கேட்டா தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ் கூட கிடையாது. ஆனா கவனம். தரால்லின்னு மிளகு போட்ட முறுக்கு மாதிரி ஒண்ணு விப்பாங்க, நம்ம ஊர் பலகாரம் மாதிரியே இருக்கும். அதுல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க. அடுக்கடுக்கா மொறுமொறுன்னு இருக்கிற ஸ்ஃபொல்யத்தெல்லா இனிப்பிலும் பழைய முறைப்படி அதேதான். "ஸ்ட்ருத்தோ"ங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, அது பன்றிக் கொழுப்பு. சீஸ் பலதும் கன்றுக்குட்டி வயித்துல எடுக்கிற பொருளை வெச்சுத்தான் உறைய வைக்கிறாங்க, அதனால இவங்க சீஸே வேண்டாம்னுட்டாங்க. "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே"ன்னா கறி வேண்டாம், மீன் வேண்டாம். என் மனைவி காய் நறுக்கும்போது இதை ஜபம் மாதிரி சொல்லிக்கிட்டு இருக்காங்க. நேப்பிள்ஸ்ல இலங்கைக்காரங்க நிறைய பேர் இருக்காங்க, பெரும்பாலும் சிங்களவங்க. கடை வெச்சிருக்காங்களாம். அரிசி, பருப்பு கிடைச்சுட்டா ரூம்லயே ரசம் வெச்சுடுவேன். 24 வருஷ அனுபவம்!

அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை லீவு. அதைப் பார்க்காம முதல்ல செவ்வாய்க்கிழமை போட்டு வெச்சிருந்தோம், மாத்தினோம். இன்னொரு சங்கதி, அந்தத் தந்தச் சிலை வெச்சிருக்கிறது "ரகசிய அறை"ன்னு ஒரு தனி அறையில். "அப்பா, அந்த ரூம்ல பொம்பேய்ல கிடைச்ச வேற மாதிரி படங்களும் இருக்கு, நேரா சிலையை மட்டும் பாருங்க"ன்னு மகள் சொல்றா. அப்பாவுக்கு மகள் சொல்ற புத்திமதி!

பொம்பேய்ல நான் பார்க்க ஆசைப்படறது ஒரு கோயில். எகிப்து தெய்வம் ஐசிஸுக்குக் கட்டினது. பூகம்பத்துல இடிஞ்சு போனதை ஒருத்தர் தன் செலவுல அடியிலிருந்து கட்டிக் கொடுத்தார்னு கல்வெட்டு இருக்கு. உபயதாரர் பேர் பொப்பிடியஸ் செல்சினஸ், வயசு ஆறு! அப்பா முன்னாள் அடிமை, அவருக்கு ஊர்ச் சபையில் பதவி வகிக்க உரிமை இல்ல. அதனால பிள்ளை பேர்ல கட்டி, பிள்ளையைச் சபையில் சேர்த்துட்டார். நம்ம கோயில்ல டியூப் லைட்டுல பேரப்பிள்ளை பேர் எழுதறதை நாம கிண்டல் பண்றோமே, அது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல.

அங்க கொலு பொம்மைத் தெருவும் இருக்கு. கிறிஸ்துமஸ் குடிலுக்கு மண் பொம்மை செய்யற தெரு, வருஷம் முழுக்கக் கடை இருக்கும். பீட்சா சுடற பொம்மை ஒண்ணு வாங்கி நவராத்திரிக்கு நம்ம கொலுவுல வைக்கப் போறதா இவங்க இப்பவே சொல்லிட்டாங்க. தலைவர் அனுமதிக்கணும்.

இன்னொரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. காப்பிக் கடையில் ஒரு காப்பி குடிச்சுட்டு ரெண்டுக்குக் காசு கொடுத்துட்டுப் போவாங்க. காசில்லாத யாராவது பின்னாடி வந்து கேட்டா அந்த ரெண்டாவது காப்பி அவங்களுக்கு. யார் கொடுத்தது, யார் குடிச்சதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. விசாகத்தன்னைக்கு நான் அங்க இருக்கப் போறேன். காலையில் குளிச்சு, திருநீறு பூசி, சஷ்டி கவசம் சொல்லிட்டு, அந்த மாதிரி ஒரு பத்து காப்பிக்குக் காசு கட்டலாம்னு இருக்கேன். சாம்பார் சாதம் இல்ல, என்னால முடிஞ்சது அது.

பிக்பாக்கெட் பயம் அந்த ஊர்ல உண்டுன்னு மகள் அம்மாகிட்ட தாலிக்கொடியைக் கழட்டி வெச்சுட்டுப் போகச் சொன்னா. வீட்டுல பெரிய சண்டை. கடைசியில் இவங்களே ஒரு வழி சொன்னாங்க. தங்கச் சங்கிலியைப் பேங்க் பெட்டியில் வெச்சுட்டு, திருமாங்கல்யத்தை மஞ்சள் கயித்துல கோத்துக்கிறது. போன வெள்ளிக்கிழமை நம்ம சன்னதியில் ஐயர் கயிறு எடுத்துக் கொடுக்க, நான் கட்டிவிட்டேன். பார்த்தவங்க சிரிச்சீங்க, பரவாயில்ல.

கமிட்டியில் ஒருத்தர் "திருவிழாவை விட்டுட்டு ஊர் சுத்தப் போறியா?"ன்னு கேட்டார். அவர்மேல வருத்தம் இல்ல. போன வருஷம் வரைக்கும் வேற யாராவது போயிருந்தா நானே அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கடைசியா வேலை விஷயம். ஸ்டோர் சாவி ரெண்டு செட், ஒண்ணு தலைவர்கிட்ட, ஒண்ணு கொட்டகைத் தம்பிகிட்ட. அரிசி, பருப்பு அளவெல்லாம் எழுதி ஸ்டோர் கதவு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். பெரிய அண்டாவுக்கு அடியில் லேசா ஓட்டை விழற மாதிரி இருக்கு, திருவிழாவுக்கு முன்னாடி ஈயம் பத்தவெச்சவரை மறுபடி கூப்பிட்டுக் காட்டுங்க. கேஸ் தோம்பு எட்டு சொல்லியிருக்கேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், யாராவது ஆள் இருக்கணும். பூசணிக்காய் நறுக்க ஒரு ஆள் குறையும், அதையும் பார்த்துக்கோங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.