அணித்தலைவர் உத்தியோகம்

என் மகளுக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. 14 வயதில் என்ன உத்தியோகம் என்று மலைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சாரணியர் படையில் தாமரை அணிக்கு அவளைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். சட்டைப் பையின் மேல் இரண்டு பட்டை. அதிகாரத்தின் கீழ் ஏழு குட்டிப் பெண்கள். சம்பளம் ஒன்றுதான் கிடையாது. மற்றபடி உத்தியோகத்துக்கு உண்டான தொல்லைகள் அத்தனையும் இருக்கின்றன.

போன சனிக்கிழமை சாயங்காலம் கழுத்துத் துணியை அவிழ்த்து நாற்காலி மேல் எறிந்துவிட்டு, "அதுகளுக்கு ஒண்ணுமே தெரியலே, அப்பா. சொல்லிக் கொடுத்து மாளாது. இனிமே எல்லாத்தையும் நானே செஞ்சுடப் போறேன்" என்றாள்.

புத்தி சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். இதே தீர்மானத்தை 1994-ஆம் வருஷம் நானும் செய்தவன்.

சிறுவர்களைச் சிறுவர்களிடமே ஒப்படைக்கலாம் என்ற இந்த யோசனை பேடன் பவல் என்ற வெள்ளைக்காரத் தளபதியுடையது. தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரம் 1899-1900-இல் 217 நாள் முற்றுகையில் கிடந்தபோது, அங்கே பையன்கள் கடிதமும் செய்தியும் சுமந்து ஓடியதை அவர் பார்த்திருந்தார். 1907 ஆகஸ்டில் பிரௌன்ஸீ என்ற தீவில் சுமார் 20 பையன்களைக் கூட்டி ஒரு முகாம் நடத்தினார். பெரிய பள்ளிகளில் படிக்கும் பணக்காரப் பிள்ளைகளும், பக்கத்து ஊர்ச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் மூத்த பையன் ஒருவனைத் தலைவனாக்கினார். நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளாத அந்நாளில், அன்னி பெஸன்ட் அம்மையார் 1916-இல் அவர்களுக்கென்றே இங்கே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்.

இந்தச் சரித்திரம் ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் நான் கழுகு அணியின் தலைவன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். என் அணியில் ஆறு பேர். கடைக்குட்டிக்கு 11 வயது. இடுப்பில் நிற்காத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று என் பின்னாலேயே வருவான். அவனைப் பொடியன் என்றே கூப்பிடுவோம். அந்த "அண்ணே" என் காதில் எவ்வளவு இனித்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கொள்ளிடக் கரை மாந்தோப்பில் மூன்று நாள் முகாம். கூடாரம், சமையல், கழிகளைக் கட்டிச் செய்யும் முக்காலி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூடாரத்தை நானே இழுத்துக் கட்டினேன். முக்காலியையும் நானே கட்டினேன். உப்புமாவைக்கூட வேறொருவன் கிளற விடவில்லை. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் நாள் கழுகு அணிதான் முதலிடம்.

இரண்டாம் நாள் மாலை வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். கயிற்றை என்னிடம் கொடுக்காமல் பொடியனிடம் நீட்டி, "தம்பி, நான் ஆற்றில் விழுந்துவிட்டேன் என்று வைத்துக்கொள். என் இடுப்பில் பௌலைன் போடு" என்றார். இழுத்தால் இறுகாத கண்ணி அது. ஆளைத் தூக்கிக் கரையேற்றப் போடுவது. பொடியன் என் முகத்தைப் பார்த்தான். என் விரல்கள் துடித்தன. அவன் எதையோ சுற்றி எதற்குள்ளோ நுழைத்தான். அவர் இழுத்துப் பார்த்தார். சுருக்கு விழுந்தது. "நான் செத்தே போனேன், தம்பி!" என்று அவர் சிரித்தார். தோப்பே சிரித்தது.

கூடாரத்துக்குள் வந்ததும், "உன்னை எவன்டா என் அணியிலே சேர்த்தது?" என்றேன். அவன் பதில் பேசவில்லை.

ராத்திரி விழித்துப் பார்த்தபோது அவன் பாய் காலியாக இருந்தது. கூடாரத்துக்குப் பின்னால், தோப்பு முடிகிற இடத்தில், ஆறு. அந்த மாதம் கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சாரை எழுப்பக்கூடத் தோன்றாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்று ஓடிய அந்த நூறு கஜம் இன்றைக்கும் சில சமயம் என் தூக்கத்தில் வருகிறது.

சமையல் அடுப்புக்கு அப்பால் ஒரு மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். மரத்தின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "சொல்லித் தந்தா போடுவேண்ணே. நீங்க சொல்லியே தரலியே" என்றான். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

எதிரில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அரைமணி நேரமாகியும் அவனுக்கு எல்லாம் தலைகீழாகவே வந்தது. அலுத்துப்போய் அவன் பக்கத்தில் நகர்ந்து மரத்தில் சாய்ந்தேன். அந்த வாக்கிலேயே இன்னொரு தரம் கட்டிக் காட்டினேன்; உடனே அவனுக்கும் வந்துவிட்டது! எதிரே இருந்தவனுக்கு என் வலது கை இடது கையாகத் தெரிந்திருக்கிறது. "வளையத்தை ஏண்ணே இந்தப் பக்கமா மடக்கணும்?" என்று அடுத்துக் கேட்டான். எனக்குத் தெரியாது. விரல் பழக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தவன்தானே நான்? அந்தப் பக்கம் மடக்கிப் பார்த்தோம். முடிச்சே விழாமல் கயிறு கையோடு வந்துவிட்டது. அன்றுதான் எனக்கும் பௌலைன் தெரிந்தது.

முயல் வளையிலிருந்து வெளியே வந்து, மரத்தைச் சுற்றி, மறுபடி வளைக்குள் போகிறது என்பது இந்த முடிச்சைக் கற்றுக் கொடுக்கச் சொல்கிற கதை. பொடியன் முயலைக் கண்டதில்லை. அவன் வீட்டுக் கொல்லையில் இருப்பது பெருச்சாளி. ஆகவே பெருச்சாளி வெளியே வந்து, முருங்கை மரத்தைச் சுற்றி, பூனையைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது.

முகாமில் கழுகு அணிக்குக் கடைசி இடம். பத்தாம் வகுப்புப் பரீட்சையைக் காரணம் காட்டி அடுத்த வருஷம் வீட்டில் என்னைச் சாரணப் படையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு நாள் மாலை அந்தப் பள்ளி மைதானத்து வேலியோரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். "பெருச்சாளி வெளியே வருது, பாரு" என்று உடைந்த குரல் ஒன்று கேட்டது. உயரமாக வளர்ந்துவிட்டவன், ஒரு குட்டிப் பையனின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். நான் இறங்கவில்லை; ஏன் இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். கதை எடுபடவில்லை என்றே நினைத்தேன். எழுத்தாளர் வீட்டில் இது புதிதல்ல. இரவு சாப்பிடும்போது, "அப்பா, நாளைக்குக் கடைக்குப் போனா கயிறு வாங்கிண்டு வாங்க. ஏழு வேணும்" என்றாள்.

"ஏழா? ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டக் கூடாதா?" என்றேன். கயிறு விற்கிற விலை அப்படி.

"ஏழு பேர் இருக்காளே, அப்பா" என்றாள்.