கட்டளை போட ஆள் வேண்டாம், கவனிக்க ஆள் வேண்டும்!

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டருக்கு வாராந்திர அப்டேட் என்பது நமக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி. நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடவும் எல்லோருக்கும் தெரியும்!

விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். ஃப்யூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் சூளையில் வேகும். மாதக் கடைசியில் நான் மேஜையில் வேகுவேன். ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர். மூன்றிலும் டெபியன் லினக்ஸ். கொள்கைப் பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். "இலவசமா? அப்ப அதையே போடு" என்றார் முதலாளி. அவ்வளவுதான்.

வாராவாரம் ஒவ்வொரு மெஷினிலும் 'ஆப்ட்-கெட் அப்டேட்' அடிக்க வேண்டும். அது புதுச் சரக்கின் பட்டியலை மட்டும் கொண்டுவரும். அப்புறம் 'ஆப்ட்-கெட் அப்கிரேட்'. அதுதான் சரக்கை இறக்கும். நடுவில் 'செய்யட்டுமா?' என்று கேட்கும். 'ஒய்' தட்ட வேண்டும். இதற்கு பி.காம். எதற்கு?

சின்ன வேலைதானே என்று விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற கம்பெனியைக் கேளுங்கள். அங்கே ஓடிய ஒரு சாஃப்ட்வேரின் ஓட்டையை அடைக்க 2017 மார்ச்சிலேயே மருந்து வந்துவிட்டது. 'உடனே போடுங்கள்' என்று கம்பெனிக்குள் மெயிலும் போனது. ஆனால் அந்த ஓட்டை அடைபடவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் போயே போச்சு!

ஆகவே எழுதினேன் ஒரு குட்டி ஸ்கிரிப்ட். பட்டியல் எடு, சரக்கை இறக்கு, வேண்டாத பழசைத் துடை, நடந்ததை ஒரு ஃபைலில் எழுதி வை. ஒரு படி தோற்றால் அங்கேயே நில். 'டிஸ்ட்-அப்கிரேட்' மட்டும் அதில் கிடையாது. சாதா 'அப்கிரேட்' இருக்கிற எந்தப் பேக்கேஜையும் கழற்றாது. இது தேவைப்பட்டால் கழற்றும். அந்த அதிகாரத்தை ஆளில்லாத நேரத்தில் கொடுக்கலாமா சார்?

ஸ்கிரிப்டை 'கிரான் வீக்லி' என்ற டைரக்டரியில் போட்டால் வாராவாரம் தானே ஓடும். ஒரே ஒரு சூட்சுமம்: பெயரில் புள்ளி இருக்கக்கூடாது. 'அப்டேட் டாட் எஸ்ஹெச்' என்று வைத்தால் டெபியன் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். குறித்த நேரத்தில் கரண்ட் இல்லையென்றால்? 'அனாக்ரான்' போட்டிருந்தால், மெஷின் உயிர் பெற்றதும் விட்டுப்போன வேலையை அது முடித்துவிடும். நம் ஊருக்கென்றே செய்த மாதிரி!

இதைப் பெருமையாகச் சொன்னபோது எங்கள் சூளைக்காரர் சிரித்தார். "தம்பி, சூட்டைக் காட்ட மீட்டர் இருக்குது. இருந்தாலும் கோன் வெச்சுத்தான பார்க்கிறோம்?"

கோன் என்பது விரல் நீளப் பீங்கான் கூம்பு. 1886-ல் ஜெர்மனியில் ஹெர்மன் சீகர் கொண்டுவந்தது. சரக்கோடு உள்ளே நிற்கும். பதம் வந்தால் தலை சாயும். மீட்டர் அந்த நிமிடத்துச் சூட்டைச் சொல்லும். சரக்கு எவ்வளவு வெந்தது என்பதைக் கோன்தான் சொல்லும்.

என் கோன் அந்த லாக் ஃபைல். திங்கட்கிழமை டீ ஆறுவதற்குள் படித்துவிடுகிறேன். புது கெர்னல் வந்ததாக எழுதியிருந்தால் ரீபூட் பண்ண வேண்டும். அதுவரை ஓடுவது பழசுதான். ஸ்கிரிப்ட் "வேலை முடிந்தது" என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடும். ஓட்டை அடைபட்டதா என்று பார்ப்பது நம் வேலை.

தினம் செய்யும் வேலையை மெஷினிடம் கொடுங்கள், தப்பேயில்லை. கவலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதற்குக் கவலைப்படத் தெரியாது. சம்பளமும் அதற்கு வருவதில்லை!