பல்லைப் பிடித்துப் பார்த்த மாடு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். எங்கள் அறக்கட்டளைக்கு இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்த நாள் முதலாய்ச் சொல்கிறேன், புதுச்சேரியில் முதலில் பார்க்க வேண்டியதே பல்லைத்தான்.

ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டைத் தானமாக எழுதித் தருவதாகப் பாரீசிலிருந்து ஒரு குடும்பம் சொன்னது. மஞ்சள் சுவர், ஆளுயரத்துக்கு மேல் மதில், உள்ளே காகிதப்பூ. நிர்வாகக் குழுவில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். நான் பத்திரக் கட்டைப் பிரித்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்து நொத்தேர், அதாவது பத்திரம் எழுதும் அதிகாரி, எழுதியது. 1881 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குப் போன 'ரெனோன்சான்' குடும்பம். அங்கே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மகன் வழிப் பேரன்கள் மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு அத்தைகளின் பிள்ளைகளைக் காணோம். வில்லங்கச் சான்றில் அத்தைகள் வரமாட்டார்கள்.

"தேடிப் பிடிச்சிடலாம்" என்றார் செயலாளர். பிடித்திருக்கலாம்தான். என்னை நிறுத்தியது மதில். எங்களிடம் வருகிறவர்கள் குப்பத்து மீன்காரப் பெண்கள். விற்று முடித்துக் கூடையோடு வந்து பென்ஷன் மனு எழுதிப் போவார்கள். அவர்களில் ஒரு அக்காவைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினேன். கூடையை இறக்காமலே, "இது தொரை வீடாச்சே தம்பி, எங்க உக்கார்றது?" என்றார்.

தமிழ் வீட்டில் அந்தக் கேள்வியே எழாது. தெருவோரம் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, அப்புறம்தான் கதவு. 2002-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீர்செய்த வைசியாள் வீதியில் ஒருநாள் நடந்து பாருங்கள், புரியும்.

அலுவலகத்துக்குப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, பழைய வீடே போதும். அரவிந்தர் ஆசிரமமும் ஒரே வளாகமாக எழுந்ததல்ல. முதன்மைக் கட்டடமே நான்கு பழைய வீடுகளைச் சேர்த்ததுதான்; மற்றவை ஊருக்குள் சிதறிக் கிடக்கின்றன. ஆசிரமம் புதிதாகக் கட்டிய கோல்கொண்டா விடுதிக்கு ஐதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாகப் பணம் வந்தது. நமக்கு எந்த திவான்?

எனவே, வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில் ஒரு வாடகை வீடு. 2014 நவம்பர் 29 அன்று மழையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் சரிந்து விழுந்ததிலிருந்து, எந்தப் பழைய வீட்டிலும் முதலில் ஏணி கேட்பேன். உத்தரம் சுவருக்குள் நுழைகிற நுனியில் பேனாக்கத்தியால் குத்த வேண்டும். தண்ணீர் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். இந்த வீட்டில் ஒரு உத்தரத்தில் கத்தி விரற்கடை இறங்கியது. மாற்றும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினேன். அதற்கே மூன்று மாதம் பேச்சு.

பதினோரு மணிக்குத் திண்ணையில் கூடைகள் வரிசையாக இருக்கும். பத்தரைக்கே ஒரு பூனை வந்துவிடும்.