சோளகத்தில் எடுத்த படம்

பருத்தித்துறை முனையில், வெளிச்சவீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, சைக்கிள் சில்லில் சாய்த்து வைத்த ரெஜிபோம் மட்டைதான் முதலில் கண்ணில் பட்டது. வெயிலை வாங்கி ஒருவரின் முகத்தில் விழுத்திக்கொண்டிருந்தது. காற்று பிடுங்காதபடி அதை ஒரு பிள்ளை இரு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஏ.எல். முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறார்கள். கமரா, ஒருத்தனின் போன். ட்ரைபொட், கலியாண வீடியோ எடுக்கும் ஓர் அண்ணையிடம் இரவல். கைக்காசு போனது பெட்ரோலுக்கும் பிளேன்ரீக்கும் ஒரு பை தட்டை வடைக்கும்.

கதை சின்னது. கடலுக்கு வரமாட்டேன் என்று நிற்கும் மகன், வலை பொத்தும் தகப்பன். தகப்பனாக இருப்பவர் உண்மையிலேயே தொழிலுக்குப் போகிறவர், கமராப் பொடியனின் மாமா.

"தம்பி, நான் எங்கை பாக்கிறது?"

"கமராவைப் பாக்காதேங்கோ மாமா. வலையைப் பாருங்கோ."

தாளில் இருந்த வசனம், "இன்றைக்கும் நீ கடலுக்கு வரவில்லையா?" அவர் ஊசியை இழுத்தபடி, தலை நிமிராமல், "இண்டைக்கும் வரேல்லைப் போல" என்றார். இயக்கிக்கொண்டிருந்த பெண் அங்கேயே தன் வரியை வெட்டிவிட்டு அவர் சொன்னதை எழுதிக்கொண்டாள். அந்த நிமிடமே இந்தப் படத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல், 16 மில்லிமீற்றர் ஃபிலிமில் வந்தது. 1977இல் தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி', 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. ஆனாலும் எங்கள் தியேட்டர்களை நிறைத்தவை இந்தியப் படங்கள்தான். திரையில் கதைப்பதென்றால் சென்னைத் தமிழ் என்று காது பழகிப்போனது. பிறகு போர். அண்மையில் ம.தி.சுதா, ஆட்களிடம் சேர்த்த காசில், ஐபோனிலேயே 'வெந்து தணிந்தது காடு' என்ற முழுநீளப் படத்தை எடுத்துக் காட்டினார். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவும் இருக்கிறது. கமரா இல்லை என்ற சாட்டு இனிச் செல்லாது. இந்தப் பிள்ளைகளை வதைப்பது சத்தம்.

சோளகம் இங்கே கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். போன் திரையில் கடல் அசையாமல் கிடக்கிறது. ஹெட்போனைப் போட்டால் காது முழுக்க இரைச்சல். காற்று மைக்கில் மோதி எழும் அந்த உறுமல் குரலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு சுத்தமாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் இன்னொரு போனை ஒலிப்பதிவுக்கென்றே எடுத்து மாமாவின் சட்டைக்குள் ஒளித்தார்கள். மைக் வாய்க்குக் கிட்ட இருக்கவேணும். தூரம் பாதியானால் வந்து சேரும் குரலின் வலு நான்கு மடங்கு. ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னால் ஒருத்தர் கைதட்டுவார். படத்தையும் ஒலியையும் பிறகு அந்தத் தட்டலை வைத்துத்தான் பொருத்துவார்கள். இவ்வளவு செய்தும் சட்டை உரசியது. அந்த அருமையான "வரேல்லைப் போல" காற்றோடு போய்விட்டது.

பின்னேரம் கிட்டவுள்ள வீடொன்றின் அறைக்குள் போனோம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். கதிரையில் நிமிர்ந்து இருந்து மாமா அதே வசனத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லியும் சரிவரவில்லை. மனிசனுக்கு வியர்த்துக் கொட்டியது. ரெஜிபோம் பிடித்த பிள்ளைதான் ஓடிப்போய் வலையையும் ஊசியையும் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"நீங்கள் பொத்துங்கோ மாமா. வசனத்தை நினைக்காதேங்கோ."

கை ஓடத் தொடங்கியதும் தோள் தளர்ந்தது, குரல் இறங்கியது. முனையில் கேட்ட அதே குரல் வந்தது.

"உதுதான் மாமா!" என்று இயக்குநர் கத்திய கத்தலும் பதிவுக்குள் விழுந்துவிட்டது. மற்றவர்கள் அவளை ஏசிக்கொண்டே போட்டுக் கேட்டார்கள். நல்லகாலம், வசனம் முடிந்த பிறகுதான் கத்தியிருக்கிறாள். அடுத்தது 750 பஸ்ஸுக்குள் ஒரு காட்சி. கொண்டக்டரோடு கதைக்க யார் போவது என்று வடைப் பையைச் சுற்றி வாக்குவாதம் தொடங்கியது.