தவணையை நிறுத்தினால்தான் பேங்க் திரும்பிப் பார்க்குமா?

அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்மாட்கள் சிலர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "ஷார்ட் சேல் பண்ணணும்னா முதல்ல ரெண்டு மூணு மாசம் மார்ட்கேஜ் கட்டாம விடணுமாமே, நிஜமா டாக்டர்?"

நான் வக்கீலும் இல்லை, ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டும் இல்லை. ஃபீனிக்ஸில் பொது மருத்துவம் பார்க்கிறவன். ஆனா 2009-க்கு அப்புறம் நாலஞ்சு வருஷம் எங்க கிளினிக்கில் பிபி, சுகருக்கு அடுத்தபடியா அதிகம் காதில் விழுந்த வார்த்தை இதுதான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தெரியாதவங்களுக்காக: ஷார்ட் சேல்னா அவசரமா விற்கிறது இல்லை. கடன் பாக்கி 2,40,000 டாலர், வீடு 1,30,000-க்குத்தான் போகும் என்றால், வந்த பணத்தை வாங்கிக்கொண்டு அடமானத்தை விடுவிக்க பேங்க் சம்மதிக்கணும். அந்தச் சம்மதத்தோடு நடக்கும் விற்பனைதான் ஷார்ட் சேல். ஃபீனிக்ஸில் 2006-ல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2011-க்குள் பாதிக்கும் கீழே போயிடுச்சு. தெருவுக்கு ரெண்டு மூணு வீடு இந்த நிலைமையில் இருந்தது.

"கட்டுறதை நிறுத்துங்க, அப்பதான் பேசுவாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், ஏஜென்ட் சொன்னார். சில சமயம் போனை எடுத்த வசூல் நிறுவன ஊழியரே சொன்னார்.

கேள்விக்கு நேரான பதில்: அப்படி ஒரு சட்டம் கிடையாது. அது கடன் கொடுத்தவரின் கொள்கை. ஒருத்தர் கேட்பார், இன்னொருத்தர் கேட்க மாட்டார்.

ஏன் அப்படி வந்தது என்பது எனக்குப் புரியும். கேஷுவாலிட்டியில் 40 பேர் நின்றால் ரத்தம் ஒழுகுறவரைத்தான் முதலில் பார்ப்போம். 2009-ல் அந்த நிறுவனங்களும் ஃபைலில் மூழ்கிக் கிடந்தன. ஒழுங்கா கட்டுறவர் அவங்க கண்ணுக்கு நோயாளியே இல்லை. அதுவரைக்கும் சரி. ஆனா வரிசையில் முன்னாடி வரணும்னா கையை அறுத்துக்கிட்டு வா என்று எந்த டூட்டி டாக்டரும் சொல்ல மாட்டான்.

2012 கடைசியில் ஒரு தம்பதி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). அவர் லாங்-ஹால் டிரக் டிரைவர். பக்கவாதம் வந்து பார்வையின் வலது பாதி போயிடுச்சு. அன்றைய விதிப்படி கமர்ஷியல் லைசென்ஸுக்கு ஒவ்வொரு கண்ணிலும் 70 டிகிரி பக்கவாட்டுப் பார்வை வேண்டியிருந்தது. இனி அந்த ஸ்டியரிங்கில் உட்கார முடியாது. மனைவிக்குப் பள்ளி கேன்டீனில் வேலை. ஷார்ட் சேலுக்கு மருத்துவக் கடிதம் கேட்டுத்தான் வந்தாங்க. கூடவே அந்தம்மா, "டாக்டர், லெட்டரை மூணு மாசம் கழிச்சுத் தர்றீங்களா? அதுக்குள்ள தவணையை நிறுத்தணும்னு ஏஜென்ட் சொல்றார்" என்றார்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்தேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை பாதிகூட உள்ளே போகலை. துருவிக் கேட்டதும் சொன்னார்கள். மார்ட்கேஜ் ஒரு மாசம்கூடத் தவறலை. மாத்திரைதான் ஒருநாள் விட்டு ஒருநாள்.

கோபம் வந்தது. அவங்க மேல இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விதி மாறியிருந்தது. ஃபேனி மே, ஃபிரெடி மேக் இரண்டும் 2012 நவம்பர் 1 முதல், தவணை தவறாதவர்களுக்கும் ஷார்ட் சேல் அனுமதிக்கலாம் என்று வழியைத் திறந்தன. ஆனா உண்மையான கஷ்டம் இருக்கணும்: கடன்தாரர் மரணம், விவாகரத்து, உடல் இயலாமை, வேலைக்காகத் தொலைதூர இடமாற்றம் மாதிரி. நம்ம கடனை யார் வைத்திருக்காங்க என்று அவங்க இணையதளத்திலேயே முகவரி போட்டுப் பார்க்கலாம். அந்தம்மா என் அறையிலேயே பார்த்தார். ஃபேனி மே. கடிதத்தை அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன். அரசு அங்கீகரித்த வீட்டுவசதி ஆலோசகரிடமும் போகச் சொன்னேன். ஷார்ட் சேல் விஷயத்தில் வழிகாட்ட அவர்கள் காசு வாங்குவதில்லை.

வேணும்னே தவணையை விட்டால் என்ன ஆகும்? தவறிய ஒவ்வொரு மாசமும் கிரெடிட் ரிப்போர்ட்டில் 7 வருஷம் நிற்கும். தவணை பாக்கியோடு ஷார்ட் சேல் பண்ணினவர் எஃப்ஹெச்ஏ கடனுக்குப் பொதுவா 3 வருஷம் காத்திருக்கணும். முந்தைய 12 மாசமும் ஒழுங்கா கட்டினவருக்கு, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், அந்தக் காத்திருப்பு இல்லாமலே போகலாம். இதைவிடப் பெரிய பயம் வேற: வீடு வாங்க வந்தவர் நடுவில் கைவிட்டுப் போயிட்டா? விற்பனையும் இல்லை, பாக்கியும் ஏறியிருக்கும், ஏலக் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருக்கும். 2014-க்குப் பிறகு 120 நாள் தாண்டாமல் பொதுவா ஏல நடவடிக்கையைத் தொடங்க முடியாது. ஆனா அரிசோனாவில் நோட்டீஸ் பதிவாகி 90 நாள் முடிந்தால் கோர்ட் படியேறாமலே வீட்டை விற்றுவிடலாம்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கையில் காசே இல்லாமல் தவணை தவறுவது வேற. மாத்திரையா தவணையா என்று வந்தால் மாத்திரைதான், என் ஓட்டு எப்பவும் அதுக்குத்தான். காசு இருக்கும்போதே யாரோ சொன்னாங்கன்னு நிறுத்துறதைத்தான் வேண்டாம் என்கிறேன். நிறுத்தாமல் பரிசீலிக்க முடியாது என்று பேங்க் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்க. எழுத்துன்னதும் பல பேருக்குப் பதிலே மாறும்.

மீதித் தொகையைப் பின்னாடி கேட்க மாட்டோம் என்பதும் எழுத்தில் வேணும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, இரண்டாம் அடமானம் இருந்தால் கதையே வேற. தள்ளுபடியான தொகையை வரித்துறை வருமானமா பார்க்கும். 2007-ல் வந்த விலக்கு 2012 முடிவில் காலாவதியாக இருந்து, 2013 ஜனவரியில்தான் நீட்டிக்கப்பட்டது. அப்புறமும் பலமுறை நீட்டிச்சாங்க. உங்க வருஷத்துக்கு அது பொருந்துதான்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வரி ஆலோசகர்கிட்ட கேளுங்க.

இதைப் படிக்கும் டாக்டர் நண்பர்களுக்கு: யாராவது இந்த மாதிரி கடிதம் கேட்டு வந்தால், "வேலை செய்ய இயலாது" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பாதீங்க. எந்தத் தேதியில் நோய் வந்தது, எந்த வேலை முடியாது, ஏன் முடியாது, திரும்ப வாய்ப்பு உண்டா, நாலும் இருக்கணும். பத்து நிமிஷ வேலை. அடுத்த பேஷன்ட் காத்திருக்கட்டும்.